நீட்டலும் நீவலும்: பந்தய நாளில் எதற்கு எவ்வளவு மதிப்பு?

ஜனவரி மூன்றாம் ஞாயிறு நெருங்கிவிட்டால் மாட்டுங்கா ஃபைவ் கார்டன்ஸில் விடியுமுன்னே கூட்டம் சேர்ந்துவிடும். எல்லாம் மும்பை மாரத்தானுக்கான தயாரிப்பு. பூங்காக் கம்பியில் குதிகாலைத் தூக்கி வைத்து, முழங்கால் மடங்காமல் குனிந்து, பின்தொடை சுண்டி இழுக்கும்வரை அப்படியே நிற்பார்கள். ஓடி முடித்ததும் மாலிஷ். "லாக்டிக் ஆசிட் இறங்கிடும்" என்பார்கள். இரண்டு பழக்கமும் உடம்புக்கு நல்லது என்ற நம்பிக்கையில் நடக்கிறது. அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் எவ்வளவு?

முதலில் நீட்டல். காயத்தைத் தடுக்கும் என்கிறார்கள். 2000-இல் ஆஸ்திரேலியாவில் ராணுவத்தில் பயிற்சி பெற்றுவந்த 1,538 பேரை இரு பிரிவாக்கி 12 வாரம் பார்த்தார்கள். நீட்டியவர்களுக்கும் நீட்டாதவர்களுக்கும் கால் காயத்தில் பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் இல்லை. வலி குறையுமா? 12 ஆய்வுகளை அலசிய 2011 காக்ரேன் மதிப்பீட்டின்படி, பயிற்சிக்குப் பின் நீட்டினால் மறுநாள் வலி நூறு புள்ளி அளவுகோலில் சராசரியாக ஒரு புள்ளி குறைகிறது. அதை யாரும் உணரக்கூட முடியாது. கூடவே ஒரு நஷ்டமும் உண்டு. ஒரு தசையை அசையாமல் ஒரு நிமிடமோ அதற்கு மேலோ இழுத்துப் பிடித்தால், உடனே அதன் திறன் சராசரியாக 4.6 சதவீதம் குறைகிறது என்று 2016-இல் வந்த தொகுப்பாய்வு சொல்கிறது. நூறு மீட்டர் ஓட்டக்காரருக்கும் கபடியில் ரெய்டு போகிறவருக்கும் இது சின்ன விஷயமே அல்ல.

ஆனால் சிவாஜி பார்க்கில் மல்லகம்பத்தில் வளையும் பையனிடம் நீட்டாதே என்று சொல்ல முடியாது. வளைவதே அவன் ஆட்டம். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் உடனடி நிவாரணமும் நீட்டல்தான்.

அடுத்து மசாஜ். அதற்குச் சொல்லப்படும் காரணம் தவறு. லாக்டிக் ஆசிட்டை உடம்பே ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் அகற்றிவிடுகிறது. 2010-இல் வெளியான கனடா ஆய்வில், அழுத்தி நீவியபோது ரத்த ஓட்டம் தடைப்பட்டு அந்த அகற்றல் தாமதமாகவே செய்தது. மறுநாள் படி இறங்க விடாத வலி, தசை இழைகளில் ஏற்படும் நுண்சிதைவிலிருந்து வருவது. இறக்கத்தில் ஓடும்போது அந்தச் சிதைவு கூடும்; மாரத்தான் வழியிலுள்ள பெடர் ரோடு ஏற்றத்தைவிட அதன் இறக்கமே தொடையை அதிகம் பதம் பார்க்கும். இருந்தும் மசாஜை நான் ஒதுக்கமாட்டேன். 1,012 பேர் கலந்துகொண்ட 29 ஆய்வுகளைத் தொகுத்த 2020 மதிப்பீடு, வேகமோ வலிமையோ கூடுவதற்கு ஆதாரமில்லை என்றது; ஆனால் வலி சுமார் 13 சதவீதம் குறைவதாகக் கண்டது. போலி மாத்திரை கொடுப்பதுபோல் போலி மசாஜ் கொடுத்துச் சோதிப்பது எளிதல்ல. ஆகவே அந்த 13-இல் நம்பிக்கையின் பங்கும் கலந்திருக்கலாம். களைத்த உடம்புக்கு அந்த ஆறுதலும் தேவைதான். ஓடி முடித்த கையோடு கட்டைவிரலால் குத்தி அழுத்துவதை மட்டும் ஏற்க முடியாது. ஏற்கெனவே சிதைந்த இழைகள் அவை.

என் தீர்ப்பு இது. பந்தயத்துக்கு முன் அசையாமல் நீட்டுவதை விட்டுவிட்டு, பத்துப் பதினைந்து நிமிடம் மெல்ல ஓடி, காலை வீசி, முழங்காலை உயர்த்தி, கடைசியில் இரண்டு மூன்று குறு ஓட்டம் ஓடினால் போதும். பந்தயத்துக்குப் பின் மென்மையான மசாஜ், விரும்பினால் மட்டும். தாராவியிலிருந்து ஓட வரும் பிள்ளை பிசியோவுக்குப் பணமில்லையே என்று ஏங்க வேண்டியதில்லை. உதவ நினைக்கும் செம்பூர், மாட்டுங்கா தமிழ் அமைப்புகள் பிசியோவுக்கு ஆகும் பணத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு நல்ல ஷூவும் தினம் இரண்டு முட்டையும் வாங்கிக் கொடுக்கட்டும்.