76-க்கும் 11-க்கும் நடுவே

மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனையில் ஏஐ எப்படி வேலை செய்கிறது என்று பார்த்த ஆய்வுகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஸ்வீடனில் நடந்த 'மசாய்' ஆய்வு. பிடித்த ஆய்வைத்தான் கூடுதல் கறாராகப் படிக்க வேண்டும். 2026 தொடக்கத்தில் லான்செட் இதழில் அதன் முக்கிய முடிவு வெளியானது. உடனே, ஏஐ இருந்தால் பரிசோதனையில் தப்பிவிடும் புற்றுநோய் 12% குறையும் என்று செய்திகள் ஓட ஆரம்பித்தன. எண் சரிதான். அந்த எண்ணை வைத்துச் சொல்லப்பட்ட கதைதான் இடிக்கிறது.

முதலில் என்ன செய்தார்கள் என்று பார்த்துவிடுவோம். ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் ஒரே மேமோகிராம் படத்தை இரண்டு ரேடியாலஜிஸ்ட்கள் பார்ப்பது வழக்கம். பாதுகாப்பான முறை, ஆனால் ஆள் பற்றாக்குறை. மசாய் ஆய்வில் 2021 ஏப்ரல் முதல் 2022 டிசம்பர் வரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கம்போல இரண்டு மருத்துவர்கள். இன்னொரு குழுவில் மென்பொருள் முதலில் படத்தைப் பார்த்து 1 முதல் 10 வரை மதிப்பெண் போடும். 9 வரை இருந்தால் ஒரு மருத்துவர் பார்த்தால் போதும், 10 என்றால் இருவர். சந்தேகமான இடங்களையும் அது குறித்துக் காட்டும். கவனிங்க, மனிதக் கண் படாத படம் இங்கே ஒன்றுகூட இல்லை. இது மருத்துவருக்கும் இயந்திரத்துக்கும் நடந்த போட்டியே கிடையாது.

வழக்கமான குழுவில் 262 பேருக்குப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. ஏஐ குழுவில் 338 பேருக்கு. கூடுதல் 76. படம் பார்க்கும் வேலை 44% குறைந்தது. பொய் எச்சரிக்கைகள் கிட்டத்தட்ட அதே அளவு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் "எத்தனை கண்டுபிடித்தது?" என்பதே ஏமாற்றக்கூடிய கேள்வி.

தென்கொரியாவை நினைத்துப் பாருங்கள். அங்கே அல்ட்ராசவுண்ட் வைத்துத் தைராய்டு புற்றுநோயைத் தேடித் தேடிப் பிடித்தார்கள். 1993-ஐ விட 2011-ல் 15 மடங்கு பேருக்கு அந்த நோய் என்று சொல்லப்பட்டது. தைராய்டு புற்றுநோயால் இறந்தவர்கள் எண்ணிக்கை மட்டும் அசையவே இல்லை. தேடாமல் விட்டிருந்தால் சாகும்வரை தொந்தரவே தராத கட்டிகளுக்காக எத்தனையோ பேர் கத்திக்குப் போனார்கள். மார்பகத்திலும் அப்படிப்பட்டவை உண்டு. பால் நாளத்தை விட்டு வெளியேறாத ஆரம்பநிலைப் புற்றுகளில் சில ஆயுசுக்கும் அப்படியே கிடக்கும். எது கிடக்கும், எது பாயும் என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் எல்லாவற்றுக்கும் சிகிச்சை.

அப்போ சரியான கேள்வி எது? பரிசோதனையில் "ஒன்றுமில்லை" என்று அனுப்பப்பட்ட பெண்ணுக்கு, அடுத்த பரிசோதனைக்கு முன்பே நோய் தலைகாட்டுகிறதா? இவற்றை இடைவெளிப் புற்றுகள் என்று சொல்லலாம். பெரும்பாலும் வேகமாக வளரும் வகை. மசாய் குழு இதையே தங்கள் முதன்மை அளவுகோலாக வைத்தது. இந்த ஆய்வை நான் மதிப்பதற்கு அதுதான் காரணம்.

முடிவு: வழக்கமான குழுவில் 93, ஏஐ குழுவில் 82. வித்தியாசம் 11. செய்தியில் வந்த 12% இதுதான்.

இப்போது இரண்டு எண்களையும் பக்கத்தில் வையுங்கள். கூடுதலாகக் கண்டுபிடித்தது 76. குறைந்த இடைவெளிப் புற்று 11. மீதி 65 என்ன? சில, அடுத்த சுற்றுப் பரிசோதனையில் எப்படியும் சிக்கியிருக்கும். சீக்கிரம் சிக்கியதில் லாபம் இருக்கலாம். சில, எப்போதுமே ஆபத்தாகியிருக்காது. அந்தப் பெண்களுக்கு நஷ்டம் மட்டுமே. எது எத்தனை என்று இந்த ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது. சீக்கிரம் பிடிப்பதுதான் நடக்கிறது என்றால் அடுத்த சுற்றில் ஏஐ குழுவில் எண்ணிக்கை குறைய வேண்டும். நான் காத்திருப்பது அந்த எண்ணுக்குத்தான்.

அந்த 11-ம் அவ்வளவு உறுதியானதில்லை. புள்ளியியல்படி உண்மையான நிலை 35% குறைவில் தொடங்கி 18% கூடுதல் வரை எங்கும் இருக்கலாம். ஆய்வாளர்கள் நிரூபிக்கப் புறப்பட்டது "பழைய முறையை விட மோசமில்லை" என்பதை. அதை நிரூபித்தும் விட்டார்கள். "மோசமில்லை" என்பதை "மேல்" என்று மாற்றியது வாசித்தவர்கள்.

நியாயமாக இன்னொன்றும் சொல்லணும். கூடுதல் 76-ல் 53 பரவும் வகை, 23 மட்டுமே நாளத்துக்குள் நிற்பவை. இடைவெளிப் புற்றுகளிலும் பெரிய கட்டிகள், முரட்டு வகைகள் ஏஐ குழுவில் குறைவாகவே இருந்தன. நம்பிக்கை தரும் அறிகுறிதான், தீர்ப்பு அல்ல.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்கலாம். இந்தப் படத்தை ஏற்கெனவே ஒருமுறை பார்த்துவிட்டோம். 1998-ல் அமெரிக்காவில் மேமோகிராமுக்குக் கணினி உதவி அனுமதிக்கப்பட்டது. காப்பீட்டில் கூடுதல் பணமும் கிடைத்தது. நாடு முழுக்கப் பரவியது. 2007-ல் 43 மையங்களை ஆராய்ந்தபோது, அதைப் பயன்படுத்திய இடங்களில் துல்லியம் குறைந்திருந்தது, பயாப்ஸி கிட்டத்தட்ட 20% கூடியிருந்தது. 2015-ல் வந்த பெரிய ஆய்விலும் பலன் தெரியவில்லை. இன்றைய ஏஐ அதைவிட எவ்வளவோ மேல். ஆனால் முதலில் பரப்பிவிட்டு அப்புறம் சோதிப்பது என்ற பழக்கம் அதே பழக்கம்தான்.

இன்னொரு கவலை மனிதர்களைப் பற்றியது. 2023-ல் ஜெர்மனியில் 27 ரேடியாலஜிஸ்ட்களிடம் 50 மேமோகிராம்களைக் கொடுத்து, ஏஐ சொன்னதாக ஒரு மதிப்பீட்டையும் காட்டினார்கள். சில இடங்களில் வேண்டுமென்றே தப்பாக. மதிப்பீடு சரியாக இருந்தபோது நல்ல அனுபவசாலிகள் 82% சரியாகச் சொன்னார்கள். தப்பாக இருந்தபோது 46%-க்கும் கீழே போனார்கள். அனுபவம் குறைந்தவர்கள் 20%-க்கும் கீழே. மசாய் ஆய்வில் படம் பார்த்தவர்கள் அனுபவசாலிகள். ஒரே நாடு, ஒரே மென்பொருள். பத்து வருடம் ஏஐயோடே பழகி வளரும் மருத்துவரின் கண் எப்படி இருக்கும் என்பது வேறு கேள்வி.

ஆக, மசாய் சொல்வது இதுதான்: பாதி உழைப்பு மிச்சமானாலும் பாதுகாப்பு குறையவில்லை. ஆள் இல்லாமல் திணறும் நாட்டுக்கு அதுவே பெரிய விஷயம். அதற்கு மேல் "ஏஐ உயிர் காக்கிறது" என்று யாராவது விற்க வந்தால், எத்தனை கண்டுபிடித்தது என்று கேட்காதீங்க. எத்தனை தப்பவில்லை என்று கேளுங்க. ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். மார்பில் கட்டி தட்டுப்பட்டால், மேமோகிராமைப் பார்த்தது ஏஐயோ மனிதரோ, போன மாதம் "ஒன்றுமில்லை" என்றே சொல்லியிருந்தாலும், உடனே மருத்துவரிடம் போங்க. அந்த 82 பேருக்கும் சொல்லி அனுப்பியது "ஒன்றுமில்லை" என்றுதான்.