மரவெழுத்தும் மறைந்த கரங்களும்

ஓர் எழுத்து வடிவத்தின் அழகு அதனை வரைந்தவரின் சுவையுணர்விலிருந்து மாத்திரம் பிறப்பதன்று. அது தோன்றிய காலத்து உற்பத்தி முறையும் சந்தையின் தேவைகளும் அதனுள் உறைந்து கிடக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கச் சுவரொட்டிகளிற் காணப்படும் தடித்து, ஒடுங்கி, உயர்ந்த மரவெழுத்துகளை இந்நோக்கிலேயே நாம் ஆராய முற்படுகிறோம். இவற்றைக் கைவினைஞனின் கள்ளமற்ற ஆக்கம் எனப் போற்றும் அழகியல்வாதிகள் வரலாற்றைத் தலைகீழாக நிறுத்துகின்றனர்.

ஈய வார்ப்பெழுத்துகள் பெரிய அளவில் பாரமும் விலையும் மிக்கவை. குளிரும்போது சமனற்றுச் சுருங்குபவை. விரிந்துவந்த சந்தைக்கோ தொலைவிலிருந்தே கண்ணை ஈர்க்கும் பேரெழுத்து வேண்டியிருந்தது. 1827இல் நியூயோர்க்கில் டேரியஸ் வெல்ஸ், சுழலும் வெட்டலகு கொண்ட பொறியினால் மரத்தில் எழுத்துச் செதுக்கும் முறையைப் புகுத்தினார். 1834இல் வில்லியம் லெவன்வேர்த் அதனுடன் பான்டோகிராப் எனும் படிவரை கருவியை இணைத்தார். ஒரே மாதிரியிலிருந்து பல அளவுகளில் எழுத்துகளைப் பெருக்குதல் இதனால் எளிதாயிற்று. எழுத்தின் ஒடுக்கமும் இத்தகைய தேவையின் விளைவே. தாளின் அகலம் வரையறைக்குட்பட்டது, சொல்லோ நீண்டது. எழுத்தின் அகலத்தைக் குறைத்தாலன்றி அதன் உயரத்தைக் கூட்டுதல் இயலாது.

அவ்வாறாயின் கையின் தடம் எங்குள்ளது? சுழலும் அலகு கூரிய உள்மூலைகளை வெட்டவல்லதன்று. அவற்றைத் தொழிலாளர் கத்தியாற் சீர்செய்தனர். பொறி எட்டாத மூலையை நிரப்புதலே கரத்தின் பணியாயிற்று. எனவே இவ்வெழுத்துகளில் நாம் காண்பது கைவினைஞனின் சுதந்திரமன்று; பொறிக்குத் துணையுறுப்பாக்கப்பட்ட உழைப்பே.

இதனால் இவ்வெழுத்து வணிகத்துக்கே உரியது என முடிவுகட்டுதலும் தவறாகும். அடிமை ஏலத்தையும் சர்க்கஸ் காட்சியையும் கூவியறிவித்த அதே பருத்த எழுத்து மரபு உழைப்பாளர் கையிலும் ஆயுதமாயிற்று. 1886 மே 3இல் சிக்காகோவின் மக்கோமிக் தொழிற்சாலை அருகே பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குத் தொழிலாளர் பலியாயினர். மறுநாள் ஹேமார்க்கெட் கூட்டத்துக்கு அழைக்கும் துண்டுப்பிரசுரம், ஆங்கிலத்திலும் ஜேர்மன் மொழியிலும், தொலைவில் நின்றே படிக்கத்தக்க தலைப்பெழுத்துகளுடன் வெளிவந்தது. அதனை அச்சிடுவித்த அடோல்ஃப் பிஷர் தொழிலால் ஓர் அச்சுக்கோப்பாளர். 1887 நவம்பர் 11இல் தூக்கிலிடப்பட்ட நால்வருள் அவரும், அச்சுக்கோப்புத் தொழில் செய்த அல்பேர்ட் பார்சன்சும் அடங்குவர். எழுத்து முதலாளியின் உடைமையாயினும் அதனைக் கோத்த கரம் தொழிலாளியினது என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுவதில்லை.

1990இல் அடோபி நிறுவனம் மெஸ்கீட், பொண்டரோசா முதலிய பழைய மரவெழுத்து வடிவங்களைக் கணினி எழுத்துருக்களாக வெளியிட்டது. இன்று தேய்வும் வெடிப்பும் மைபடியாத புள்ளிகளும் திட்டமிட்டு வரையப்பட்ட எழுத்துருக்கள் பல விற்பனையாகின்றன. அன்று தேய்வு என்பது பல்லாண்டு உழைப்பின் தடம். இன்றோ ஒரு சொல்லில் இருமுறை வரும் எழுத்து, இருமுறையும் ஒரே இடத்திற் கீறல் பட்டுக் காட்சிதருகின்றது. உழைப்பு நீங்கியபின் உழைப்பின் தோற்றமே பண்டமாகும் நிலை இது. பண்ட வழிபாடு என மார்க்ஸ் சுட்டியது இங்குப் புதியதொரு படியை எய்துகின்றது எனலாம்.

இவ்வடிவத்தை நாம் வெறுக்கவேண்டியதில்லை. அதன் வலிமை மெய்யானது. ஆயின் 'கையால் ஆக்கியது' என்ற சொல்லைக் கேட்குந்தோறும், யாருடைய கை, எவருக்காக உழைத்தது, அதற்கு யாது நேர்ந்தது என வினவுதல் விமர்சகரின் கடனாகும். பிஷரின் கைகளை மறந்துவிட்டு எழுத்தின் கீறலை மட்டும் வியப்பது விமர்சனமாகாது.