பிளாஸ்டிக் தின்னும் நுண்ணுயிர்: முழக்கமும் உண்மையும்

பிளாஸ்டிக்கைத் தின்னும் நுண்ணுயிர் கிடைத்துவிட்டது, இனிக் குப்பைக் கவலை ஒழிந்தது என்னும் முழக்கம் 2016ஆம் ஆண்டு முதல் அடிக்கடி எழுகிறது. இம்முழக்கம் உண்மையில் தொடங்கி, உண்மையைக் கடந்து ஓடிவிடுகிறது.

ஜப்பானின் சாக்காய் நகரில் கண்டெடுக்கப்பட்ட அந்நுண்ணுயிர், புட்டிகள் செய்யப் பயன்படும் 'பெட்' என்னும் பிளாஸ்டிக்கின் மெல்லிய ஏட்டை, 30 டிகிரி சென்டிகிரேட் வெப்பத்தில், ஆறு வாரங்களில் சிதைத்தது. அரிய கண்டுபிடிப்பே, ஐயமில்லை. ஆனால், அவ்வேடு இறுகாத வகையைச் சேர்ந்தது. கடைப் புட்டியோ படிகமாக இறுகியது. அதில் நொதி எளிதில் வேலை செய்யாது.

2020இல் பிரான்சின் துலூஸ் நகர ஆராய்ச்சியாளர்கள், இலைமக்கிலிருந்து அறியப்பட்ட வேறொரு நொதியைத் திருத்தியமைத்து, 10 மணி நேரத்தில் குறைந்தது 90 விழுக்காடு பெட்டைச் சிதைத்துக் காட்டினர். மெய்யான முன்னேற்றம் இதுவே. ஆயினும், அதற்கு 72 டிகிரி வெப்பம் வேண்டும். புட்டியை முன்னரே உருக்கிக் குளிர்வித்துப் பொடியாக்கவும் வேண்டும். ஆதலின், அஃது ஆலைக்குரிய கருவி. ஆற்றிலும் கடலிலும் தூவும் மருந்தன்று.

மேலும், இந்நொதிகள் அறுப்பது எஸ்டர் என்னும் பிணைப்பை. கடைப் பைகளாகும் பாலித்தீனில் அப்பிணைப்பே இல்லை.

இவ்வேறுபாடுகளை மறைப்பதால் விளையும் தீங்கு யாது? நுண்ணுயிர் பார்த்துக்கொள்ளும் என நம்புபவன் புட்டியைத் தனியே பிரித்து வைக்கமாட்டான். பிரித்து வைக்காத புட்டியோ அந்த ஆலைக்குப் போய்ச் சேராது. அளவு மீறிய பாராட்டே கண்டுபிடிப்புக்குப் பகையாகலாமா?