121 தோல்விகளும் ஒரு முழக்கமும்

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் ஒவ்வோர் அணியும் ஒரு பருவத்துக்கு 162 ஆட்டங்கள் ஆடுகிறது. 2024ஆம் ஆண்டுப் பருவத்தில் சிகாகோ ஒயிட் சாக்ஸ் அவற்றுள் 41ஐ மட்டுமே வென்று 121இல் தோற்றது. 1962இல் நியூயார்க் மெட்ஸ் கண்ட 120 தோல்விகளே 1900க்குப் பிந்தைய காலத்தின் மிக மோசமான கணக்காக அறுபது ஆண்டுகளுக்கும் மேல் நின்றிருக்க, அதையும் இந்த அணி தாண்டியது. முதல் 25 ஆட்டங்களில் மூன்றே வெற்றிகள், ஜூலை 10 முதல் தொடர்ச்சியாக 21 தோல்விகள், எடுத்த ஓட்டங்கள் 507, கொடுத்த ஓட்டங்கள் 813 என்ற கணக்கைப் பார்த்தால் துரதிர்ஷ்டத்தைக் காரணம் காட்ட இடமே இல்லை. ஆகவே சிகாகோ ரசிகர்களின் விவாதம் களத்தில் நின்ற வீரர்களை விட்டு, அவர்களைத் தேர்ந்தெடுத்த நிர்வாகத்துக்கும், அந்த நிர்வாகத்தை அமர்த்திய உரிமையாளருக்கும் நகர்ந்தது.

அந்த விவாதம் வெளிப்படையாகக் கேட்ட இடம் செப்டம்பர் 24 முதல் 26 வரை லாஸ் ஏஞ்சலஸ் ஏஞ்சல்ஸ் அணிக்கு எதிராக நடந்த கடைசி உள்ளூர்த் தொடராகும். அணி 120 தோல்விகளுடன் மெட்ஸைச் சமன் செய்து நின்ற நிலையில், வரலாற்றுத் தோல்வியை நேரில் பார்க்கவே சீட்டு வாங்கி வந்திருந்தவர்கள் பலர். முதல் நாள் எட்டாவது இன்னிங்ஸ் வரை பின்தங்கியிருந்த அணி அந்த இன்னிங்ஸில் மூன்று ஓட்டங்கள் எடுத்து வென்றுவிட, அந்த ஆட்டத்தின் ஊடே அரங்கில் எழுந்த குரல் ‘அணியை விற்றுவிடு’ என்பதுதான். அணி அந்தத் தொடரின் மூன்று ஆட்டங்களையும் வென்றது. முழக்கம் அதனால் அடங்கவில்லை. வெற்றி கிடைத்த நேரத்திலும் ஒரு கூட்டம் உரிமையாளரை விலகச் சொல்கிறது என்றால், அந்தக் கோபம் ஆட்ட முடிவுகளைக் கடந்து வேறெதிலோ வேர் கொண்டிருக்கிறது என்று கொள்வதே பொருந்தும்.

இந்தச் சண்டை விளங்க வேண்டுமானால் அதிகார அடுக்குகளைத் தெரிந்துகொள்வது அவசியம். உரிமையாளர் செலவுக்கான பணத்தை ஒதுக்குகிறார், நிர்வாகத் தலைவர்களை அமர்த்துகிறார். ‘ஃபிரண்ட் ஆபீஸ்’ எனப்படும் நிர்வாகப் பிரிவு, பொது மேலாளரின் தலைமையில், வீரர்களை வாங்குவது, விற்பது, இளையோரைத் தேர்ந்தெடுத்து வளர்ப்பது ஆகியவற்றைக் கவனிக்கிறது. ‘மேனேஜர்’ என்று அழைக்கப்படுபவரோ உண்மையில் களத்தில் அன்றாட முடிவுகளை எடுக்கும் தலைமைப் பயிற்சியாளர் மட்டுமே. ஐபிஎல் ஏலத்தைப் போல எல்லா அணிகளுக்கும் ஒரே தொகை வரம்பு இங்கே கிடையாது. ஓர் அளவைத் தாண்டிச் செலவழித்தால் வரி உண்டே தவிர, தடை இல்லை. ஐரோப்பியக் கால்பந்தைப் போலக் கடைசியில் வந்த அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்குவதும் இல்லை. எனவே எத்தனை முறை தோற்றாலும் உரிமையாளரின் சொத்து லீக்கில் பத்திரமாகவே இருக்கிறது.

நிர்வாகப் பிரிவைக் குற்றம் சொல்பவர்களின் வாதம் வலுவானது. 2016 டிசம்பரில் கிறிஸ் சேல் என்ற முன்னணிப் பந்து வீச்சாளரை பாஸ்டனுக்குக் கொடுத்து யோவான் மொன்காடா, மைக்கேல் கோபெக் முதலிய இளையோரைப் பெற்றுக்கொண்ட நாள் முதல், பொது மேலாளர் ரிக் ஹானும் அவருக்கு மேலிருந்த துணைத் தலைவர் கென் வில்லியம்ஸும் ‘மறுகட்டுமானம்’ என்ற பெயரில் சில ஆண்டுத் தோல்விகளைத் தாங்கிக்கொள்ளும்படி ரசிகர்களைக் கேட்டுக்கொண்டனர். 2021இல் 93 வெற்றிகளுடன் பிரிவுப் பட்டம் வந்தது. ஆனால் முதல் அலைக்குப் பின் இரண்டாவது அலை வரவேயில்லை. இளம் வீரர்களை வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 2018இல் நான்காவது இடத்தையும் 2019இல் மூன்றாவது இடத்தையும் வைத்திருந்த அணி, அவற்றைக் கொண்டு எடுத்த நிக் மாட்ரிகல், ஆண்ட்ரூ வான் ஆகிய இருவரும் நட்சத்திரங்களாக மலரவில்லை. வான் இயல்பில் முதல் தளத்தில் நிற்கும் வீரர். அந்த இடத்தில் ஏற்கெனவே ஹோசே அப்ரேயு இருந்ததால் அவர் வெளிக்களத்துக்கு அனுப்பப்பட்டு, பழக்கமில்லாத இடத்தில் பந்துகளைத் துரத்த வேண்டியதாயிற்று. ஒரே வகை வீரர்களைக் குவித்துவிட்டு மற்ற இடங்களை ஒப்பேற்றியது நிர்வாகத்தின் திட்டப் பிழை. அதற்கு உரிமையாளரின் பணப்பையைக் குறை சொல்ல முடியாது. 2016இல் ஜேம்ஸ் ஷீல்ட்ஸ் என்ற மூத்த பந்து வீச்சாளருக்காக அன்று பதினேழே வயதான ஃபெர்னாண்டோ டாட்டிஸ் ஜூனியரை சான் டியேகோவுக்குக் கொடுத்ததும் இதே நிர்வாகம்தான். அந்த இளைஞர் பின்னாளில் லீக்கின் பெரிய பெயர்களுள் ஒன்றானார்.

உரிமையாளர் ஜெர்ரி ரைன்ஸ்டோர்ஃப் மீது வைக்கப்படும் முதல் குற்றச்சாட்டு சிக்கனம் பற்றியது. 1981இல் கூட்டாளிகளுடன் சேர்ந்து ஏறத்தாழ 2 கோடி டாலருக்கு இந்த அணியை வாங்கியவர் அவர். கூடைப்பந்தில் ஆறு பட்டங்கள் வென்ற சிகாகோ புல்ஸும் அவர் தலைமையில் இயங்குவதுதான். நாட்டின் மூன்றாவது பெரிய நகரத்தில் இருந்துகொண்டு, ஒயிட் சாக்ஸ் தன் வரலாற்றில் கொடுத்த மிகப் பெரிய ஒப்பந்தமாக 2024இல் நின்றது ஆண்ட்ரூ பெனின்டெண்டிக்குத் தந்த 5 ஆண்டு, 7.5 கோடி டாலர் ஒப்பந்தமே. 2019இல் மேனி மச்சாடோவை விரும்பிய அணி 25 கோடி டாலரோடு நின்றுகொள்ள, சிகாகோவை விடச் சிறிய நகரமான சான் டியேகோ அவரை 30 கோடிக்குத் தட்டிச் சென்றது. அதே பிரிவில் ஆடும் கான்சஸ் சிட்டி ராயல்ஸ் 2023இல் 106 தோல்விகளுடன் ஒயிட் சாக்ஸை விடவும் கீழே கிடந்தது. 2024 பிப்ரவரியில் அது பாபி விட் ஜூனியரை 11 ஆண்டுகளுக்கு 28.87 கோடி டாலர் கொடுத்துத் தக்கவைத்தது, அதற்கு முன்பே நல்ல பந்து வீச்சாளர்களையும் வாங்கியிருந்தது, அந்த ஆண்டே 86 வெற்றிகளுடன் பருவத்துக்குப் பிந்தைய சுற்றுக்குள் நுழைந்தது.

எனினும் சிக்கனக் குற்றச்சாட்டு பாதி உண்மைதான். 2022இல் ஒயிட் சாக்ஸின் சம்பளச் செலவு அதுவரை அந்த அணி கண்டிராத உயரத்தைத் தொட்டது. கிடைத்ததோ 81 வெற்றி, 81 தோல்வி. 1996இலேயே ஆல்பர்ட் பெல்லுக்கு 5.5 கோடி டாலர் கொடுத்து மற்ற உரிமையாளர்களைத் திகைக்க வைத்தவரும், 2005இல் உலகத் தொடரை வென்று 88 ஆண்டுக் காத்திருப்பை முடித்துவைத்தவரும் இதே ரைன்ஸ்டோர்ஃப்தான். அவரைத் தாங்கிப் பேசும் மூத்த ரசிகர்கள் இவற்றைச் சுட்டும்போது எதிர்த்தரப்பு பொதுவாகத் தடுமாறுகிறது. தடுமாற வேண்டியதில்லை, கேள்வியைப் பணத்திலிருந்து ஆள் தேர்வுக்கு மாற்றினால் போதும்.

2020 இறுதியில் மேனேஜர் ரிக் ரென்டெரியாவை நீக்கியபோது, அண்மை ஆண்டுகளில் கோப்பை வென்ற அமைப்பில் அனுபவம் பெற்ற ஒருவரையே தேடுவதாக ஹான் அறிவித்தார். சிகாகோ ஊடகங்களில் அதிகம் அடிபட்ட பெயர் ஹூஸ்டனின் முன்னாள் மேனேஜர் ஏ. ஜே. ஹின்ச். அமர்த்தப்பட்டவரோ 2011க்குப் பின் எந்த அணிக்கும் மேனேஜராக இராத, 76 வயதான டோனி லா ரூசா. 1986இல் ஒயிட் சாக்ஸின் மேனேஜராக இருந்த அவரைத் தன் நிர்வாகி பணிநீக்கம் செய்ய இடங்கொடுத்துவிட்டதாக ரைன்ஸ்டோர்ஃப் பல ஆண்டுகளாக வருந்தி வந்ததும், இந்த நியமனம் அவருடைய சொந்த முடிவு என்பதும் யாவரும் அறிந்தவை. பழைய மனக்குறையைத் தீர்த்துக்கொள்வது தனிமனிதருக்கு அழகாக இருக்கலாம். ஆனால் பொது மேலாளரின் தேர்வை உரிமையாளர் தாமே செய்துவிட்ட பிறகு, தோல்விக்கு அந்த மேலாளரிடம் மட்டும் கணக்குக் கேட்பது முறையாகாது. லா ரூசா அறிவிக்கப்பட்ட மறுநாள் டெட்ராய்ட் டைகர்ஸ் ஹின்ச்சை அமர்த்திக்கொண்டது. 2024 செப்டம்பர் 27 அன்று ஒயிட் சாக்ஸின் 121ஆவது தோல்வி நிகழ்ந்தது டெட்ராய்ட்டில். எதிரே நின்ற அணி ஹின்ச்சினுடையது. 4-1 என்ற அந்த வெற்றியே அவ்வணிக்கு 2014க்குப் பிறகு முதன்முறையாகப் பிந்தைய சுற்று வாய்ப்பை உறுதி செய்தது. டைகர்ஸ் 2022இல் தன் பொது மேலாளரை நீக்கிவிட்டு சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து ஸ்காட் ஹாரிஸ் என்ற வெளியாளைக் கொண்டுவந்திருந்தது.

சிகாகோ அந்த வழியில் போகவில்லை. 2023 ஆகஸ்ட் 22 அன்று வில்லியம்ஸும் ஹானும் நீக்கப்பட்டனர். பத்து நாள் முடிவதற்குள், வெளியே எவரையும் தேடாமல், கிறிஸ் கெட்ஸ் பொது மேலாளரானார். ஏழு பருவங்களாக இளம் வீரர்களை வளர்க்கும் துறையைப் பார்த்துக்கொண்டவர் அவரே. அணியின் வீழ்ச்சியில் முதலில் கேள்விக்கு உள்ளாக வேண்டிய துறையும் அதுவே. கெட்ஸ் திறமையற்றவர் என்று இதற்குப் பொருள் இல்லை; 2024க்குப் பின் அவர் செய்த பரிமாற்றங்களில் சில பாராட்டத்தக்கவை. முப்பது அணிகளுக்கு மட்டுமே உள்ள ஒரு பதவிக்கு வேறு ஒருவரைக் கூட ஒப்பிட்டுப் பார்க்காமல் நியமிப்பதுதான் இங்கே குறை. மேனேஜர் பெட்ரோ கிரிஃபோல் 2024 ஆகஸ்டில் நீக்கப்பட்டார். அவருக்குப் பின் வந்த கிரேடி சைஸ்மோர் தலைமையில் அணி 13 வெற்றி, 32 தோல்வி கண்டதைப் பார்த்தால், கிரிஃபோலை மாற்றியது ஏறக்குறைய எதையும் மாற்றவில்லை.

தோல்வியே டிராஃப்டில் முதலிடம் வாங்கித் தரும் என்ற பழைய ஆறுதலும் 2024இன் தோல்விகளுக்குக் கிடைக்கவில்லை. வேண்டுமென்றே தோற்பதைத் தடுக்க 2022 தொழிலாளர் ஒப்பந்தம் முதல் ஆறு இடங்களைக் குலுக்கலுக்கு விட்டது. லீக்கின் வருவாய்ப் பகிர்வில் உதவி பெறாத பெருநகர அணிகள் அடுத்தடுத்த ஆண்டுகளில் அந்தக் குலுக்கலில் இடம்பெற முடியாது என்றும் விதித்தது. அதன்படி 121 முறை தோற்ற ஒயிட் சாக்ஸ் 2025 டிராஃப்டில் பத்தாவது இடத்தில்தான் தேர்வு செய்ய முடிந்தது.

அரங்கின் முழக்கத்துக்கு ஒரு வகைப் பதில் 2025 ஜூனில் வந்தது. முதலீட்டாளர் ஜஸ்டின் இஷ்பியாவுடன் செய்துகொண்ட ஒப்பந்தப்படி 2029 முதல் 2033 வரை அணியின் கட்டுப்பாட்டை அவருக்கு விற்கும் விருப்பம் ரைன்ஸ்டோர்ஃபிடம் இருக்கும். 2034 பருவத்துக்குப் பின்னரே வாங்கும் உரிமை இஷ்பியாவுக்கு வரும். 1936இல் பிறந்த உரிமையாளர் விரும்பினால் அதுவரை தலைமையில் நீடிக்கலாம். 2025இல் அறிமுகமான கோல்சன் மான்ட்கோமரி, கைல் டீல் போன்ற இளையோர், ஆறு ஆண்டுச் சேவை முடிந்து எந்த அணியுடனும் பேசும் உரிமையை ஏறத்தாழ 2031இல் பெறுவார்கள். அதற்கு முன் அவர்களுக்கு நீண்ட ஒப்பந்தம் கொடுப்பதா, அவர்களுக்குத் துணையாக வெளியிலிருந்து யாரை வாங்குவது, கெட்ஸை வைத்துக்கொள்வதா என்ற முடிவுகளில் பெரும்பாலானவை, விற்பனை முன்கூட்டியே நடந்தாலொழிய, லா ரூசாவை அமர்த்திய அதே மேசையில்தான் எடுக்கப்படும்.