பண்பாடும் மார்க்கமும்: இரு தீர்ப்புகள்

சல்லிக்கட்டு வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் 2023 மே 18-ல் வழங்கிய தீர்ப்பைப் படித்தோம். 2014-ல் அதே மன்றம், பண்பாடு என்னும் வாதத்தை ஒதுக்கி, விளையாட்டையே தடுத்தது. 2017-ல் தமிழகச் சட்டமன்றம் இயற்றிய திருத்தம் இப்போது ஏற்கப்பட்டுள்ளது. ஒரு வழக்கம் பண்பாட்டைச் சேர்ந்ததா என்பதில் சட்டமன்றத்தின் முடிவே ஏற்கத்தக்கதாம். மன்றம் அதற்குள் புகாதாம்.

அடக்கமான நிலைதான். அறுக்குமுன் கத்தியைத் தீட்டச் சொன்ன நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உம்மத்தினரான நமக்கு விலங்கின் வலி அற்பமன்று. அதைப் பற்றிய வழக்காடலில் குறைகாணவும் நாம் வரவில்லை. எனினும் 1958 நினைவுக்கு வருகிறது. பீகார் முதலிய மாநிலங்களின் பசுவதைத் தடைச் சட்டங்களை எதிர்த்துக் குறைஷி சமூகத்தார் வழக்காடினர். ஹஜ்ஜுப் பெருநாளில் மாட்டைக் குர்பானி கொடுப்பது கடமையா என்பதை அன்றைய ஐந்து நீதிபதிகள் தாமே தீர்மானித்தனர். ஹிதாயாவின் ஆங்கில மொழிபெயர்ப்பில், ஒருவருக்கு ஓர் ஆடு, எழுவருக்கு ஒரு மாடு அல்லது ஒட்டகம் என்றிருந்தது. ஆகவே மாடு கட்டாயமன்று என்றனர். (ஆலிம் ஒருவரின் வாக்குமூலத்தைக்கூட நம் தரப்பார் தாக்கல் செய்யவில்லை, அந்தப் பிழை நம்முடையது.) ஏழு பேர் கொண்ட குடும்பத்தால் ஒரு மாடு வாங்க இயலலாம், ஏழு ஆடுகள் வாங்க இயலாதே என்ற வாதமும் எழுந்தது. அது பொருளாதார நிர்ப்பந்தமாகலாம், மார்க்க நிர்ப்பந்தமன்று என்று மன்றம் கூறிவிட்டது. அந்தக் குடும்பத்தின் பெருநாளைப் பற்றி 1958-ல் அவ்வளவு உறுதியாகப் பேச முடிந்த மன்றத்துக்கு, வாடிவாசலைப் பற்றிப் பேசமட்டும் தயக்கம் வந்ததேன்?