இலாசருக்கு மட்டும் ஒரு பெயர்

பல ஆண்டுகளுக்கு முன், கடற்கரைப் பங்கொன்றில் உதவிப் பங்குத்தந்தையாக இருந்தபோது, திருவிழா நவநாளின் கடைசி இரவுக்கென்று மதுவின் கேட்டைப் பற்றி ஒரு நாடகம் எழுதினேன். அதில் வரும் குடிகாரனுக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. நம் ஊர்களில் தெருவுக்கு இருவர் தாங்கியிருக்கும் புனிதர் பெயர் ஒன்றை அதிகம் யோசியாமல் வைத்துவிட்டேன். நாடகம் நன்றாகவே நடந்தது. மக்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மறுநாள் முதல், அப்பெயர் கொண்ட ஒருவரை, வாழ்நாளில் மதுவைத் தொட்டறியாத ஒருவரை, வலை உலர்த்தும் மணலில் சிறுவர்கள் என் நாடக வசனத்தைச் சொல்லியே கூப்பிடத் தொடங்கினார்கள். அவருடைய மகள் பள்ளிக்குப் போக மறுத்தாள். அவர் என்னிடம் சண்டைக்கு வரவில்லை. “சாமி, அந்தப் பேரை எனக்கு வச்சது எங்க அய்யா” என்று மட்டும் சொல்லிப் போனார். அடுத்த சில ஞாயிறுகளில் அவரைத் திருப்பலியில் காணவில்லை. அப்பெயரை இங்கே எழுத எனக்கு இன்னும் துணிவில்லை.

அன்று முதல் நாடகமாயினும் திரைப்படமாயினும் கதைக்கு முன்பாக அதன் பெயர்களையே என் செவி தேடுகிறது.

நம் ஆண்டவர் எத்தனையோ உவமைகளைச் சொன்னார். ஊதாரி மைந்தனுக்குப் பெயரில்லை; நல்ல சமாரியனுக்குப் பெயரில்லை; விதைப்பவனுக்கும், நேர்மையற்ற நடுவருக்கும், அவரை விடாமல் தொல்லைப்படுத்திய கைம்பெண்ணுக்கும் பெயரில்லை. லூக்கா நற்செய்தியின் 16ஆம் அதிகாரத்தில், செல்வனின் வாயிலில் புண்களோடு கிடந்த ஏழைக்கு மட்டுமே ஆண்டவர் பெயர் வைத்தார்: இலாசர். ‘கடவுள் துணைநின்றார்’ என்பது அதன் பொருள். செல்வனுக்குப் பெயர் இல்லாதது பிற்காலத்தவர்க்குக் குறையாகப் பட்டது போலும். இலத்தீன் மொழிபெயர்ப்பில் ‘செல்வன்’ என்னும் பொருளில் வந்த ‘திவெஸ்’ என்ற சொல்லையே அவனுக்குப் பெயராக்கிவிட்டார்கள். உலகம் செல்வனின் பெயரை அறியும், வாயிலில் கிடப்பவனின் பெயரைக் கேட்பதில்லை. ஆண்டவர் அதைத் தலைகீழாக்கினார். கற்பனைக் கதை சொல்பவன் யாருக்குப் பெயர் வைக்கிறான், யாருக்கு வைக்காமல் விடுகிறான் என்பதிலேயே அவன் யார் பக்கம் நிற்கிறான் என்பது தெரிந்துவிடுகிறது எனலாம்.

இவ்வளவையும் மனத்தில் வைத்துத்தான் 2012இல் சீனு ராமசாமி இயக்கத்தில் வெளிவந்த ‘நீர்ப்பறவை’யைப் பற்றி எழுத விரும்புகிறேன். நம் கடற்பரப்பில் சுட்டுக் கொல்லப்படும் மீனவரின் துயரத்தைப் பேசிய படம் என்று அதைப் பலரும் பாராட்டியுள்ளார்கள். அதன் பெயர்களைப் பற்றி எவரும் பேசி நான் கேட்டதில்லை.

தமிழ்த் திரையில் கிறிஸ்தவன் என்றாலே பல்லாண்டுகளாக ஒரு சிறு பட்டியல் இருந்தது. கெட்டவன் என்றால் மைக்கேல் அல்லது ராபர்ட். பெண் என்றால் ஸ்டெல்லா, ஜூலி, ரோசி. இராமேசுவரம் தீவிலோ தொண்டிப் பக்கத்திலோ வலை இழுக்கும் எவரையும் அப்பட்டியலில் காண இயலாது. (எங்கள் பக்கத்தில் மைக்கேல் என்று ஒருவர் இருந்தாலும் அவர் தாயார் அவரை மிக்கேலு என்றுதான் கூப்பிடுவார்.) ‘நீர்ப்பறவை’யின் நாயகன் பெயர் அருளப்பசாமி. வளர்த்த தந்தை லூர்துசாமி, தாய் மேரி. காதலித்து மணப்பவள் எஸ்தர். படகு கட்டித் தருபவர் உதுமான் கனி. இவை இக்கரையின் பெயர்கள். ஆலய ஒலிபெருக்கியில் இறந்தோருக்கான திருப்பலிக் கருத்து வாசிக்கப்படும்போது நாம் கேட்கும் பெயர்கள்.

அருளப்பர் என்பது யோவானுக்கு நம் முன்னோர் வைத்த தமிழ்ப் பெயர். ‘ஆண்டவர் அருள்கூர்ந்தார்’ என்னும் எபிரேயப் பொருளை அப்படியே உள்வாங்கிய பெயர் அது. 1726இல் ‘தேம்பாவணி’யை இயற்றிய வீரமாமுனிவர், ‘பெருகச் செய்வார்’ எனப் பொருள்படும் யோசேப்பை ‘வளன்’ என்றும், திருமுழுக்கு யோவானைக் ‘கருணையன்’ என்றும் அழைத்தது இதே மரபில்தான். 1693 பிப்ரவரி 4இல் ஓரியூர் மணலில் குருதி சிந்திய ஜான் தெ பிரிட்டோவும் அந்த யோவானின் பெயரைத் தாங்கியவரே. ஆகவேதான் அவர் நமக்கு அருளானந்தர் ஆனார். 1995இல் திருவிவிலியத்தின் பொது மொழிபெயர்ப்பு வந்தபோது அருளப்பர் யோவானாகவும், இராயப்பர் பேதுருவாகவும், சின்னப்பர் பவுலாகவும் மாறினர். பிரிந்த சகோதரரோடு ஒரே மறைநூலை வாசிக்க நாம் தந்த விலை அது. தந்தது தவறென்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வாசகப் பீடத்திலிருந்து இறங்கிப் போன அந்தப் பெயர் ஒரு திரைப்படத்தில் மீனவன் ஒருவனின் பெயராக மீண்டும் ஒலித்தபோது, எனக்குத் தொண்டை அடைத்தது.

படத்தில் அருளப்பசாமி கடலில் கண்டெடுத்து வளர்க்கப்பட்ட பிள்ளை. மீனவர் குலத்தில் பிறவாதவன் கடலுக்குப் போகலாகாது என்று ஊர் தடுக்கிறது. லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரத்தை நினைத்துப் பாருங்கள். எலிசபெத்து தம் குழந்தைக்கு யோவான் என்று பெயரிடச் சொன்னபோது, உறவினர் மறுத்த காரணம் என்ன? அவர் உறவில் எவருக்கும் அப்பெயர் இல்லை என்பதே. பேச்சிழந்திருந்த செக்கரியா பலகையில் எழுதிக் காட்டிய பிறகே அவர்கள் அடங்கினார்கள். குலத்தால் வராமல் அருளால் வந்தவன் என்று சொல்லும் பெயர் அது. கடல் தந்த பிள்ளைக்கு அதைக் காட்டிலும் பொருத்தமான பெயர் எது? படைத்தவர்கள் இதை எண்ணித்தான் வைத்தார்களா என்பது அறியேன். எண்ணாமல் வைத்திருந்தால் இன்னும் வியப்பு.

எஸ்தரும் அப்படியே. விவிலியத்து எஸ்தர் தம் இனத்தை அரண்மனையில் மறைத்து வாழ்ந்தவர். யூத மறைநூல் அறிஞர்கள் அப்பெயரை ‘மறைத்தல்’ என்னும் எபிரேயச் சொல்லோடு இயைத்துப் பார்ப்பதுண்டு. படத்து எஸ்தர் தன் கணவனின் கல்லறையையே வீட்டுக்குள் ஆண்டுக்கணக்கில் மறைத்து வைத்திருப்பவள்.

என்னை உறுத்தும் கேள்விக்கு இப்போது வருகிறேன். இந்த அருளப்பசாமியும் தொடக்கத்தில் பெருங்குடிகாரனே. என் நாடகமும் ஒரு புனிதரின் பெயரைக் குடிகாரனுக்கு வைத்தது, இப்படமும் வைத்தது. அருளப்பசாமி என்னும் பெயருடையவர் எவரும் இதனால் தலைகுனிய நேர்ந்திருக்காது என்றே எண்ணுகிறேன். ஏனெனில் படத்தில் அவன் குடிக்கிறான், அடி வாங்குகிறான், தாயை அழவைக்கிறான், ஒருத்தியை நேசிக்கிறான், திருந்துகிறான், படகுக்காக உழைக்கிறான், கடலில் மடிகிறான். அந்தப் பெயருக்குள் ஒரு முழு மனிதன் இருக்கிறான். என் நாடகத்தில் இருந்ததோ ஒரு தள்ளாட்டமும் ஒரு புட்டியும் மட்டுமே. அதற்குப் ‘குடிகாரன்’ என்றே விட்டிருக்க வேண்டும், ஆண்டவர் ‘செல்வன்’ என்று விட்டதைப் போல.

2013இல் வந்த மணிரத்னத்தின் ‘கடல்’ படத்துக்குக் கதை ஜெயமோகனுடையது. அங்கே குருமடத்திலிருந்து வெளியேற்றப்பட்டுத் தீமையே உருவாகிறவனுக்குப் பெயர் பெர்க்மான்ஸ். குருப்பட்டம் பெறுமுன் 1621இல் தம் 22ஆம் வயதில் இறந்த இயேசு சபைத் துறவி ஜான் பெர்க்மான்ஸின் பெயர் அது. பீடச் சிறுவர்களின் பாதுகாவலர். குருமட வாழ்வை அறிந்தவர்க்கு அந்த முரண் சுரீரென்று படும். ஆனால் அங்கே பங்குத்தந்தையின் பெயர் சாம் ஃபெர்னாண்டோ. ஃபெர்னாண்டோ சரி, பரதவர் வரலாறே அதில் உண்டு. சாம் எனக்கு ஒட்டவில்லை. நகரத்து வரவேற்பறையில் வைத்த பெயராகவே அது ஒலிக்கிறது.

திரையுலகை மட்டும் குறைகூறி முடித்தால் அது நேர்மையாகாது. நம் பங்கு மேடைகளில் நடப்பதென்ன? மனம் திரும்புகிறவனுக்குப் புனிதர் பெயர். வட்டிக்காரனுக்கும் மந்திரவாதிக்கும் அயல் வீட்டாரின் சமயப் பெயர். தங்கச்சிமடத்தில் சந்தியாகப்பர் திருவிழாவுக்கு இந்துக்களும் இசுலாமியரும் வந்து கும்பிடுகிறார்கள். அதே மக்கள் இரவில் நம் நாடகத்துக்கு முன்னால் மணலில் அமர்ந்திருக்க, மேடையில் வஞ்சகனுக்கு அவர்கள் பிள்ளையின் பெயரைச் சொல்லி நாம் கைதட்டுகிறோம். ‘நீர்ப்பறவை’யில் ஆதரவற்ற கிறிஸ்தவனுக்குப் படகு கட்டிக் கொடுப்பவர் ஓர் உதுமான் கனி என்பதை நம் நாடக ஆசிரியர்கள் கவனிக்க வேண்டும்.

சென்ற மாதம் இளைஞர் இயக்கத்தார் புதிய நாடகப் பிரதி ஒன்றைக் கொண்டு வந்தார்கள். கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. அவன் மனைவியின் கதை. பிரதி முழுவதும் அவள் ‘மீனவப் பெண்’ என்றே இருந்தாள். படகு முதலாளிக்கு மட்டும் தகப்பனார் பெயரோடு நீண்ட பெயர். “ஃபாதர், நீங்களே ஒரு பேரு சொல்லுங்க” என்றார்கள். நான் சொல்லவில்லை. பீரோவைத் திறந்து பழைய திருமுழுக்குப் பதிவேட்டையும், இன்றைய குடும்பப் பதிவேட்டையும் எடுத்து மேசைமேல் வைத்தேன். முதலாவதில் உள்ளதும், இரண்டாவதில் இல்லாததுமான ஒரு பெயரைத் தேடச் சொன்னேன். சவரியாயி, மதலேனம்மாள், பெலவேந்திரம், தனிஸ்லாஸ், இன்னாசியம்மாள் என்று ஒருவன் உரக்க வாசிக்க, மற்றவர்கள் மற்ற ஏட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். செபமாலைக்கு மணியடித்த பிறகும் அவர்கள் எழுந்திருக்கவில்லை.