செவியும் தாளும்: கிதார் தரநிலைத் தேர்வுகள் குறித்த ஒரு திறனாய்வு – ஆவூரை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

இலண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட இசைத்தேர்வு வாரியங்களின் தரநிலைத் தேர்வுகளே, கிதார் பயிலும் தமிழ் மாணவர் படிப்படியாகச் சான்றிதழ் பெறுவதற்கு இன்று பெரிதும் நாடும் வழியாக உள்ளன. இத்தேர்வுகளின் மதிப்பெண் பகிர்வைப் பனுவலாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. செவித்திறனுக்கு அவை அளிக்கும் இடம் சிறிது என்பதையும், சிற்றூர் மாணவர் எளிதில் அணுகக்கூடிய காணொளித் தேர்வில் அவ்விடமும் இல்லாமற் போகிறது என்பதையும் எடுத்துக்காட்டுகிறது. புதுக்கோட்டை மாவட்டத்து ஆவூர், குடுமியான்மலை ஆகிய இரு ஊர்களின் வரலாறு இதனை மதிப்பிடுவதற்குரிய அளவுகோல்களைத் தருகிறது.

திறவுச்சொற்கள்: கிதார், தரநிலைத் தேர்வு, செவித்திறன், ஆவூர், குடுமியான்மலை, வீரமாமுனிவர், இளையராஜா.

முன்னுரை

திருச்சிராப்பள்ளிக்கும் புதுக்கோட்டைக்கும் இடைப்பட்ட ஆவூர், மதுரை மறைப்பணித்தளத்தின் பழைய நிலையங்களுள் ஒன்று. இயேசு சபைத் துறவி வெனான்சியுஸ் பூஷே இங்கு முதற்கோயிலை எழுப்பினார். இன்றுள்ள பெரிய கோயில் 1747இல் கட்டப்பட்டது. வீரமாமுனிவரும் இவ்வூரில் பணியாற்றியுள்ளார். உயிர்ப்புப் பெருவிழாவையொட்டிப் பாஸ்கு நாடகமும் தேர்பவனியும் இங்கு நடைபெறுகின்றன. ஐரோப்பாவிலிருந்து வந்த சமயக் கலைவடிவம் தமிழர் திருவிழா மரபோடு இணைந்து நிலைபெற்ற ஊர் என இதனைக் கருதலாம்.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் (1962–65) பின்னர் வட்டாரமொழி வழிபாடு பரவியது. தமிழ்க் கத்தோலிக்கப் பாடற்குழுக்களில் கீபோர்டு, தபேலா ஆகியவற்றோடு கிதாரும் இடம்பெற்றது. ஆவூர் போன்ற ஊர்களில் வளரும் ஒருவர் கிதாரை முதலிற் காண்பது பெரும்பாலும் பாடற்குழுவிலோ மெல்லிசை மேடையிலோதான். அங்கே அது பாட்டுக்குத் துணை நிற்கும் கருவி; தனிவாசிப்புக் கருவியன்று. அவ்விளைஞர் முறையாகக் கற்றுச் சான்றிதழ் பெற விரும்பும்போது எதிர்கொள்ளும் தேர்வு அவரது இசையில் எதனை அளக்கிறது, எதனை அளவாது விடுகிறது என்பதே இக்கட்டுரையின் வினா.

தேர்வின் அமைப்பு

டிரினிட்டி இசைக்கல்லூரி 1872இல் தோன்றி, 1877 முதல் தேர்வுகளை நடத்தத் தொடங்கியது. ஏபிஆர்எஸ்எம் என அறியப்படும் அரச இசைப்பள்ளிகளின் இணை வாரியம் 1889இல் அமைந்தது. ராக் இசைக்கெனத் தனித் தரநிலைகளை வகுத்த ராக்ஸ்கூல் 1991இல் தோன்றியது. முதல் தரம் தொடங்கி எட்டாம் தரம் வரை ஏறும் படிவரிசையே இவற்றின் பொது அமைப்பு.

ஏபிஆர்எஸ்எம் நேர்முகச் செய்முறைத் தேர்வின் மொத்த மதிப்பெண் 150. மூன்று உருப்படிகளுக்கு 90, சுரவரிசைகளுக்கு 21, முதற்பார்வை வாசிப்புக்கு 21, செவித்திறனுக்கு 18 என அது பகிரப்படுகிறது. தேர்ச்சிக்கு 100 வேண்டும். டிரினிட்டியின் கிளாசிக்கல் கிதார்த் தேர்வில் மொத்தம் 100. மூன்று உருப்படிகளுக்கு 66, நுட்பப் பயிற்சிக்கு 14, இரு துணைச் சோதனைகளுக்குத் தலா 10. தேர்ச்சிக்கு 60, மெரிட் நிலைக்கு 75, டிஸ்டிங்ஷன் நிலைக்கு 87 என்பன வரம்புகள்.

இவ்வெண்களின் கூட்டல் ஒன்றை உணர்த்துகிறது. டிரினிட்டி தேர்வில் உருப்படிகளும் நுட்பப் பயிற்சியும் சேர்ந்து 80. துணைச் சோதனைகளில் ஒரு மதிப்பெண்ணும் பெறாத மாணவர், கணக்களவில் மெரிட் நிலையை எட்ட இயலும். மாதக்கணக்கில் பழகி ஆயத்தப்படுத்திய மூன்று உருப்படிகளே தேர்வின் உயிர்நிலை. கேட்டதை உணர்ந்து உடனே வாசிக்கும் ஆற்றல் அதன் விளிம்பில் நிற்கிறது.

செவிக்குரிய பங்கு

பாடற்குழுக் கிதார்க் கலைஞரின் பணியை இதனோடு ஒப்பிட வேண்டும். பாடுவோர் தம் குரலுக்கேற்பச் சுருதியை எடுப்பர். கிதார் வாசிப்பவர் அச்சுருதியைச் செவியாற் கண்டு, தேவையெனில் கேப்போவை நகர்த்தி, மெட்டின் போக்கிற்கேற்பக் கார்டுகளைத் தேர்ந்து, தாளநடைக்கேற்ப ஸ்ட்ரம்மிங்கை அமைக்கிறார். பாடுவோர் ஓரடியை மீண்டும் பாடினால் அவரும் மீள்கிறார். சுருதி காணல், கார்டு காணல், சுருதி மாற்றம், பிறரோடு இயைதல் என்னும் இந்நான்கு திறன்களும் இங்குக் கூறிய தேர்வுகளில் மையப் பகுதிகளாக இல்லை. பாடத்திட்ட உருப்படிகள் பெரும்பாலும் தனிவாசிப்புக்குரியவை.

ஆயினும் தேர்வு செவியை முற்றாகப் புறக்கணிக்கிறது என்பது பொருந்தாது. டிரினிட்டியின் தொடக்க நிலை முதல் ஐந்தாம் தரம் வரை, முதற்பார்வை வாசிப்பு, செவித்திறன், கற்பனை வாசிப்பு, இசையறிவு ஆகிய நான்கினுள் இரண்டினை மாணவரே தெரிவு செய்யலாம். கற்பனை வாசிப்பில் தரப்படும் கார்டு வரிசையை அடிப்படையாகக் கொண்டு வாசிக்கும் வாய்ப்பும் உண்டு. உருப்படிகளுள் ஒன்றுக்குப் பதிலாகச் சொந்த ஆக்கத்தையும் அளிக்கலாம். செவிவழிப் பயின்ற மாணவருக்கு இவை திறந்த வாயில்கள். ஆசிரியர் இவற்றை எடுத்துரைக்காது, எழுதிய சுரத்தைப் படிப்பதே தேர்வு எனக் கற்பிப்பாராயின், குறை பாடத்திட்டத்தினுடையது மட்டுமன்று.

கடுமையான சிக்கல் வேறிடத்தில் உள்ளது. 2020 முதல் இவ்விரு வாரியங்களும் காணொளி வழித் தேர்வை அறிமுகப்படுத்தின. தேர்வு மையம் அமைந்த நகரங்களுக்குச் செல்ல வேண்டாத இம்முறை, சிற்றூர் மாணவருக்கு உதவுவது. ஆனால் ஏபிஆர்எஸ்எம் காணொளித் தேர்வில் நான்கு உருப்படிகளுக்கு 120, ஒட்டுமொத்த நிகழ்த்துதலுக்கு 30 என்பதே பகிர்வு. செவித்திறனும் முதற்பார்வை வாசிப்பும் அதில் இல்லை. டிரினிட்டியின் காணொளித் தேர்விலும் துணைச் சோதனைகள் நீங்கின. சிற்றூர் மாணவருக்கு எட்டக்கூடிய வழி, அவரது வலிமையை அளக்கும் பகுதியை இழந்த வழியாக உள்ளது.

கருவியின் இயல்பும் எழுத்துச் சுரமும்

கிதாருக்கு எழுதப்படும் சுரம் ஒலிப்பதைவிட ஒரு ஸ்தாயி உயர்த்தி எழுதப்படுகிறது. மேலும் பியானோவில் ஒரு சுரத்திற்கு ஒரே கட்டை. கிதாரில் ஒரே சுரம் வெவ்வேறு தந்திகளில் வெவ்வேறு இடங்களிற் கிடைக்கிறது. ஐந்து கோட்டு முறை எச்சுரம் என்பதைக் கூறும். எவ்விடம் என்பதை டேப் முறையே கூறும். ஆதலின் கிதார் மாணவருக்கு முதற்பார்வை வாசிப்பு கூடுதற் சுமையாகிறது.

சுரவரிசைகளிலோ மறைந்திருக்கும் உறவொன்று உண்டு. தேர்வு கோரும் மேஜர் வரிசை சங்கராபரணத்தின் சுரங்களை உடையது. இயல்பு மைனர் நடபைரவிக்கும், ஹார்மோனிக் மைனர் கீரவாணிக்கும், மெலோடிக் மைனரின் ஆரோகணம் கௌரிமனோகரிக்கும் ஒப்பாகும். சரளி வரிசை மாயாமாளவகௌளையிற் பயிலப்படுவதால், கருநாடக இசையின் தொடக்கப் பயிற்சியும் கிதார்த் தேர்வின் தொடக்கப் பயிற்சியும் வெவ்வேறு சுரங்களிற் பிறக்கின்றன. சுரங்கள் ஒத்தாலும் கமகம் ஒவ்வாது என்பது உண்மையே. எனினும் அறிந்ததிலிருந்து அறியாததற்குச் செல்லும் கற்பித்தல் நெறிக்கு இவ்வுறவு உதவும். தமிழ்வழிப் பயிற்சி நூல்கள் இவ்வுறவிலிருந்தே தொடங்குதல் தகும்.

குடுமியான்மலை தரும் சான்று

எழுத்துச் சுரம் மேனாட்டுச் சரக்கு, செவிவழிக் கல்வியே நம் மரபு என்னும் வாதத்தை இம்மாவட்டமே மறுக்கிறது. குடுமியான்மலைக் குடைவரையை அடுத்த பாறையில் ஏழு கிராம ராகங்களுக்குரிய சுரத்தொகுதிகள் நான்கு நான்கு சுரங்களாகப் பல்லவ கிரந்த எழுத்தில் வெட்டப்பட்டுள்ளன. உருத்திராசாரியரின் மாணவனான ஒரு மன்னன், மாணவர் நலங்கருதி இவற்றை அமைத்ததாகக் கல்வெட்டு கூறுகிறது. அம்மன்னன் முதலாம் மகேந்திரவர்மனா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அருகில் பரிவாதினி என்னும் யாழ்வகையின் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளதால், இவை தந்திக்கருவிக்குரிய பயிற்சிகள் எனக் கருதுவாரும் உளர்.

இச்சான்று உணர்த்துவது தெளிவு. தந்திக்கருவி மாணவருக்குப் படிநிலைப் பயிற்சியை எழுத்தில் நிறுத்துவது இம்மண்ணுக்குப் புதிதன்று. அதே மாவட்டத்தில் மான்பூண்டியா பிள்ளை எத்தேர்வுமின்றிக் கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்கு உரியதாக்கினார் என்பதும் உண்மை. எழுத்தும் செவியும் பகையல்ல. ஒன்று மற்றதன் இடத்தைக் கவரும்போதே இழப்பு நேர்கிறது.

ஆவூர் தரும் அளவுகோல்

வீரமாமுனிவர் கொடுந்தமிழுக்கும் செந்தமிழுக்கும் தனித்தனியே இலத்தீனில் இலக்கணம் வரைந்தார். பேச்சுவழக்கைச் செந்தமிழின் சிதைவெனத் தள்ளாமல், தனக்கென விதிகளையுடைய வழக்காக அவர் கண்டமை நோக்கத்தக்கது. ஒரு வழக்கின் அளவுகோலால் மற்றதை அளந்தால் இரண்டும் பிழைபடும் என்பது அம்முயற்சியின் உட்பொருள்.

கிதாரிலும் இத்தகைய இரு வழக்குகள் உள்ளன. தனிவாசிப்பு ஒன்று, துணைவாசிப்பு மற்றொன்று. தரநிலைத் தேர்வு முன்னதற்கு இலக்கணம் வகுத்துள்ளது. பின்னதற்கு அதனுள் முழுமையான இலக்கணம் இல்லை. டிரினிட்டியின் ராக் அண்ட் பாப் பிரிவு, பின்னணி இசையோடு வாசித்தல், கேட்டதைத் திருப்பி வாசித்தல் ஆகியவற்றைச் சேர்த்து இக்குறையை ஓரளவு நிரப்புகிறது. ஆனால் பதிவு செய்யப்பட்ட பின்னணி வாசிப்பவரின் பொருட்டுக் காத்திராது. பாடுவோரோடு விட்டுக்கொடுத்தும் பற்றியும் செல்லும் இயைபை அதனால் அளக்க இயலாது.

இளையராஜா: கற்றலின் வரிசை

தரநிலைத் தேர்வின் பெருமைக்குச் சான்றாக இளையராஜாவின் பெயர் அடிக்கடி சுட்டப்படுகிறது. டிரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிதார்த் தேர்வில் அவர் தங்கப்பதக்கம் பெற்றவர் என்பது பரவலாக அறியப்பட்ட செய்தி. அச்சான்றை அதன் வரிசையோடு படித்தல் வேண்டும். பண்ணைப்புரத்தில் 1943இற் பிறந்த அவர், பதின்பருவத்திலேயே அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவோடு ஊர்தோறும் சென்று இசைத்தார். 1968இற் சென்னை வந்தபின் தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டு இசை எழுத்துமுறையைக் கற்றார். கிதார்க் கலைஞராகவும் ஜி. கே. வெங்கடேஷின் உதவியாளராகவும் பணியாற்றிய பின்னரே 1976இல் ‘அன்னக்கிளி’ வெளிவந்தது.

செவி முந்தியது, எழுத்து பிந்தியது, தேர்வு அவற்றை உறுதிசெய்தது என்பதே இவ்வரலாற்றின் வரிசை. இன்று பல மாணவரிடத்தில் இது தலைகீழாகத் தேர்வே பாடமாகிறது. தரத்திற்கு மூன்று உருப்படிகள் மட்டும் கற்று எட்டாம் தரம் சென்ற மாணவர், எளிய பாடலொன்றிற்குக் கார்டு காண இயலாது திகைப்பாராயின், இளையராஜாவைச் சான்று காட்டுதல் பொருந்தாது.

உள்ளூர் நிறுவனங்களின் வெற்றிடம்

மேனாட்டுத் தேர்வைக் குறைகூறுவது எளிது. மாற்று எது என்பதே வினா. புதுக்கோட்டை உள்ளிட்ட இடங்களில் இயங்கும் மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் ஆகியவற்றைக் கற்பிக்கின்றன. மேனாட்டுக் கருவியான வயலின் இப்பட்டியலில் உண்டு, கிதார் இல்லை. வயலின் கருநாடக இசையின் வாசிப்பு முறையை ஏற்றதால் இடம்பெற்றது. கோயிற் பாடலிலும் மெல்லிசையிலும் தமிழ்ப் பாட்டின் துணையாகிவிட்ட கிதார் இன்னும் அந்நியமாகவே கருதப்படுகிறது.

தமிழ்வழித் தரநிலைத் தேர்வு இயலாததன்று. யாழ்ப்பாணத்தில் 1931இல் தோன்றிய வட இலங்கைச் சங்கீத சபை பல தலைமுறைகளாகத் தரம் தரமாக இசைத்தேர்வுகளை நடத்தி வருகிறது. தமிழக அரசின் தொழில்நுட்பத் தேர்வுகளிலும் இந்திய இசைக்குக் கீழ்நிலை, மேல்நிலை என்னும் பிரிவுகள் உள்ளன. இவ்வமைப்புகளை முன்மாதிரியாகக் கொண்டு கிதாருக்கும் பாடத்திட்டம் வகுக்கலாம்.

முடிவுரை

தரநிலைத் தேர்வு பயிற்சிக்கு ஒழுங்கையும் நுட்பத்திற்குத் திருத்தத்தையும் தருகிறது. ஆவூர் மாணவர் ஒருவர் தம் ஊரிற் கிடையாத உருப்படிகளை அதன்வழி அறிகிறார். ஆதலின் அதனைத் தள்ளுதல் கூடாது. ஆனால் அச்சான்றிதழ் ஆயத்தப்படுத்திய வாசிப்பைப் பெரிதும் அளப்பது. இசைத்திறன் முழுவதையும் அளப்பதன்று. ஐந்தாம் தரம் வரை செவித்திறனையும் கற்பனை வாசிப்பையும் துணைச் சோதனைகளாகத் தெரிவு செய்யுமாறு ஆசிரியர் வழிகாட்டலாம். காணொளித் தேர்வு எழுதும் மாணவருக்குச் செவிப்பயிற்சியைத் தேர்வுக்கு வெளியே கட்டாயமாக்கலாம். தமிழ்வழிப் பாடத்திட்டம் ஒன்று உருவாகுமாயின், பாடுவோர் எடுக்கும் சுருதியைக் கண்டு அவரோடு ஒரு பாடலை முழுவதும் வாசித்து முடித்தல் அதன் முதற்சோதனையாக அமைதல் தகும். அச்சோதனையில் பாடற்குழுவில் வளர்ந்த மாணவர் பின்தங்கியவராகத் தொடங்கமாட்டார்.